அபூ மின்ஜலைத் தேடி

"பறவை பார்க்கவா மொரோக்கோவுக்குப் போகிறீர்கள்?" என்று உம்மா சிரித்தார். கடற்கரை, காடு, பாலைவனம், பனிமலை எல்லாம் அந்த ஒரே நாட்டில் இருப்பதால் பறவைகளும் வகை வகையாக இருக்கும் என்று என் கணவர் விளக்கினார். ஒரு மார்ச் மாதத்தில் பிஸ்மி சொல்லிப் புறப்பட்டோம்.

முதலில் சென்றது அத்திலாந்திக் கரையிலுள்ள மெர்ஜா ஸர்கா. 'நீலக் களப்பு' என்பது அதன் பொருள். ஸுபஹ் தொழுததும் ஒரு மீனவரின் படகில் ஏறினோம். மன்னாரில் பார்த்த அதே பூநாரைகள் அங்கும் வரிசையாக நின்றன. படகோட்டி ஓரிடத்தில் படகை நிறுத்தி, சேற்று மேட்டைக் காட்டினார். மெலிந்த வளைந்த அலகு கொண்ட ஒரு வகை உள்ளான், சைபீரியாவிலிருந்து குளிர்காலத்தில் இங்கே வருமாம். "எங்கள் வாப்பா காலத்தில் வந்தது, சகோதரி. இப்போது வருவதில்லை" என்றார். உலகில் அந்தப் பறவையை உறுதியாகக் கடைசியாகக் கண்டது 1995 பெப்ரவரியில், இதே களப்பில்தான். வேட்டையும் சதுப்பு நிலங்கள் அழிந்ததும் அதற்கு எமனாயின. 2025இல் அந்த இனம் அற்றுப்போய்விட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்த வெறும் மேட்டைப் பார்த்தபோது மையித்து வீட்டில் நிற்பது போலிருந்தது.

அங்கிருந்து பாஸ் நகரம். செங்கால் நாரைகளை அந்த நாட்டு மக்கள் துன்புறுத்துவதில்லை. பழைய கோபுரங்களின் உச்சியில் அவை கூடு கட்டியிருக்கின்றன. முற்காலத்தில் இந்நகரின் மருத்துவமனை ஒன்றில், காயம்பட்ட நாரைகளைப் பராமரிக்கவும் வக்பு சொத்திலிருந்து செலவிடப்பட்டதாம். மனிதருக்கு மட்டுமல்ல, பறவைக்கும் வக்பு!

பின்னர் தேவதாரு மரங்கள் அடர்ந்த மத்திய அட்லஸ் மலைக்காட்டைக் கடந்து, மெர்ஸூகா மணல் மேடுகளுக்கு வந்தோம். இலங்கையில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய நாங்கள், அங்கே கிழக்கு நோக்கி நின்றோம். காலையில் மணல் கௌதாரிகள் நீர் குடிக்கப் பறந்து வந்தன. குஞ்சு பொரித்த காலத்தில் ஆண் பறவை நீரில் இறங்கி, வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு பறந்து போய்க் குஞ்சுகளுக்குப் புகட்டுமாம். ஸுப்ஹானல்லாஹ்! அந்த இறகுக்குள் நீரைத் தாங்கும் ஆற்றலை வைத்தவன் யார்?

பனி மூடிய உயர் அட்லஸ் மலைகளைத் தாண்டிக் கடைசியாக அகாதிர் பக்கம் வந்தோம். ஸூஸ்–மாஸா தேசியப் பூங்கா அங்கேதான் உள்ளது. எங்கள் கணவர் நெடுநாளாகப் பார்க்க விரும்பிய பறவையும் அங்கேதான் இருந்தது. மொட்டைத் தலை, சிவந்த முகம், பச்சை மினுங்கும் கரிய இறகு, அரிவாள் போன்ற அலகு. தமிழில் அரிவாள் மூக்கன். அரபியில் அபூ மின்ஜல், அதாவது 'அரிவாளின் தந்தை'. துருக்கியில் யூப்ரடீஸ் நதிக்கரையிலுள்ள பிரெஜிக் மக்கள், ஹஜ்ஜுக்குப் போவோருக்கு இந்தப் பறவையே வழிகாட்டுகிறது என்று நம்பி, அது வரும் நாளைக் கொண்டாடினார்கள். அவ்வளவு அன்பு இருந்தும், 1950களில் தெளித்த டீ.டீ.ரீ. பூச்சிநாசினி பெருந்தொகையைக் கொன்றது. 1989ஆம் ஆண்டளவில் அங்கே காட்டுக் கூட்டம் இல்லாமற் போனது.

மொரோக்கோவிலும் 1990களின் நடுப்பகுதியில் கூடு கட்டியவை ஏறத்தாழ 60 சோடிகளே. 1991இல் பூங்கா அமைந்தது. அவ்வூர் மக்களே காவலர்களாகிக் கூடுகளைக் காத்தார்கள். அருகே குடிநீர் வைத்தார்கள். 2018இல் சோடிகள் 140ஐத் தாண்டின. நாங்கள் பார்த்தபோது முப்பது பறவைகள் புதர்களுக்கிடையே பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. என் கண்கள் கலங்கிவிட்டன.

ஒரே நாட்டில் ஒரு பறவையை இழந்த இடத்தையும், இன்னொன்றைக் காத்த இடத்தையும் பார்த்தோம். ஸுலைமான் நபிக்குச் செய்தி கொண்டு வந்த ஹுத்ஹுதும் ஒரு பறவைதானே. அவையும் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். காத்தவர்கள் செய்ததோ பெரிய காரியமல்ல: காவல் இருந்தார்கள், தண்ணீர் வைத்தார்கள்.

சகோதரிகளே, வீடு திரும்பிய மறுநாளே எங்கள் முற்றத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். இப்போது உம்மாதான் தினமும் அதை நிரப்புகிறார்.