அரங்கேற்றமும் அச்சேற்றமும்

சென்ற மாசித் திங்களில் எம் மகள் தன் முதல் ஆய்வுரையைப் படிக்கப் புனேயில் நடைபெற்ற கருத்தரங்கிற்குப் புறப்பட்டாள். இரண்டாண்டு உழைப்பு அது. எந்த ஆய்விதழிலும் இன்னும் வெளிவரவில்லை.

“அச்சில் வருமுன் அவையில் சொல்லிவிட்டால், எவரேனும் தம் பெயரில் எழுதிவிட மாட்டாரா அம்மா?” என்று யாம் வினவினோம்.

“கேட்டவர் அனைவரும் எனக்குச் சாட்சியாகி விடுவார்களே அப்பா! குறையிருந்தால் அங்கேயே சொல்வார்கள், திருத்தி இதழுக்கு அனுப்புவேன்” என்றாள்.

யாம் நாணினோம். வரைவு மூன்று மேசை ஏறிச் சிவப்பு மையில் நனைந்த பின்னரே மடலாவதை இருபதாண்டுகளாகக் காணும் எழுத்தர் அல்லமோ யாம்? தொல்காப்பியமே அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதென்று பாயிரம் கூறுகின்றது.

ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. சந்திரசேகர் நினைவுக்கு வந்தார். 1910இல் லாகூரில் பிறந்தவர். தந்தையார் இரயில்வேக் கணக்குத் துறையில் பணியாற்றியவர். எம்போல் வேலையின் பொருட்டு வடக்கே வந்த தமிழ்க் குடும்பமாதலின் அவர்மீது எமக்கொரு தனியுரிமை. (அவர் தந்தை அதிகாரி, யாம் எழுத்தர் என்பது வேறு!)

1935 சனவரி 11ஆம் நாள், இலண்டன் அரச வானியற் கழகக் கூட்டத்தில் அவர் தம் முடிவைப் படித்தார், வயது 24. எரிபொருள் தீர்ந்த விண்மீன் வெண்குறுமீனாய் அடங்குவதற்கு ஒரு நிறைவரம்பு உண்டு. அதனை மிஞ்சியது சுருங்கிக்கொண்டே போகும் என்பது அதன் சாரம். அவ்வரம்பு கதிரவன் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பர் இன்று.

அடுத்து எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். முந்திய மாதங்களில் அவ்விளைஞரின் அறைக்கே வந்து கணக்குகளைப் பார்த்துச் சென்றவர். மறுப்புண்டென ஒரு சொல்லும் உரைத்திலர். விண்மீன் இத்துணைப் பேதைமையாய் நடவாதபடி இயற்கையே தடுக்கும் என்றார். அவை நகைத்தது. மறுமொழி கூற இளைஞருக்கு இடம் கிட்டவில்லை. மாற்றுக் கருத்தை யாம் குறை கூறோம். முன்னரே சொல்லாது அவையில் வைத்துச் சொன்னதைத்தான் எம்மால் பொறுக்க இயலவில்லை.

அக்கட்டுரை அவ்வாண்டே கழகத்தின் இதழில் அச்சேறியது. பின்னர் அமெரிக்கா சென்ற சந்திரசேகர், 1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஆய்விதழொன்றின் ஆசிரியராய் அமர்ந்து பிறர் கட்டுரைகளைச் சீர்தூக்கினார். நோபல் பரிசு வந்தது 1983இல்!

இக்கதையை மகளிடம் யாம் சொல்லவில்லை. பயணத்திற்குப் புளியோதரை கட்டிக் கொடுத்ததோடு சரி.

நான்காம் நாள் திரும்பினாள். பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கேட்ட வினாவொன்றிற்கு விடை தெரியாமல் நின்றாளாம். “சிரித்தார்களா?” என்றோம் மெல்ல.

“இல்லையப்பா. தேநீர் வேளையில் அவரே வந்து, எந்தச் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டுமென்று என் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தார்.”

மறுநாள் விடியுமுன் ஆய்வுக்கூடத்திற்குப் போய்விட்டாள். கட்டுரை இன்னும் இதழுக்கு அனுப்பப்படவில்லை.