கட்டுப் போட்ட காது!

லண்டன் போற சான்ஸ் கிடைச்சா, வாட்டர்லூ பாலத்தை ஒட்டியிருக்கிற சோமர்செட் ஹவுஸுக்குள்ள நுழைஞ்சிடுங்க. அங்கேதான் கோர்ட்டோல்ட் கேலரி. காதில் கட்டோடு வின்சென்ட் வான்கோ காத்திருப்பார்!

1888 டிசம்பர் 23 ராத்திரி, பிரான்ஸின் ஆர்ல் நகரில் தன் இடது காதை அறுத்துக்கொண்டவர், ஜனவரி 7-ல் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். அதே மாதம் வரைந்த ஆயில் பெயின்டிங் இது. படத்தில் வலது காதில் கட்டு இருக்கேன்னு குழம்பாதீங்க... கண்ணாடி பார்த்து வரைஞ்சது!

எல்லாரும் காதைத்தான் பார்க்கிறாங்க. நீங்க அவருக்குப் பின்னால பாருங்க. ஸ்டாண்டில் ஒரு கான்வாஸ், பெரும்பாலும் வெறுமையா. அதாவது, அடுத்த படம் ரெடி! ஒரு அரியருக்கே இடிஞ்சு போறவங்க, இதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் நில்லுங்க.