கிரகணத்தின் மேல் போட்ட பழி

குறையோடு ஒரு குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி ‘ஏன்?’ என்பது. விடை தெரியாதபோது அந்தக் கேள்வி சும்மா இருப்பதில்லை. பெற்றவள் தலையில் பழியாய் இறங்கிவிடுகிறது.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி பிரசவ வார்டில் கழிந்தது. அங்கே உதடு பிளந்த குழந்தையைப் பெற்ற ஓர் இளம்பெண்ணிடம் அவள் மாமியார், “கிரகணத்தன்னிக்கு அரிவாள்மனையைத் தொட்டியா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த அம்மாள் கொடியவர் அல்லர். பேரனின் முகத்தைப் பார்த்துத் தாங்கமாட்டாமல் ஒரு காரணம் தேடினார். அவருக்குத் தெரிந்த காரணம் அதுதான். அந்தப் பெண் மறுமொழி சொல்லவில்லை. பாலாடையால் பால் புகட்டி, எடை தேற்றி, அறுவை சிகிச்சைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிள்ளைக்காக அவள் பொறுத்தது பெருமை. செய்யாத குற்றத்துக்காகவும் பொறுக்க வேண்டியிருந்ததுதான் கொடுமை.

அப்படிப்பட்ட பழிகளை இறக்கிவைத்தவர்கள், காரணத்தைப் பொறுமையாகத் தேடியவர்கள்.

1941-இல் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் வருவதைக் கண்டார். தாய்மார்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். கருவுற்ற தொடக்கத்தில் அவர்களில் பெரும்பாலோருக்கு ருபெல்லா வந்துபோயிருந்தது. சிறு காய்ச்சல், சில தடிப்புகள் என்று எல்லோரும் அலட்சியமாக எண்ணிய நோய் அது. அந்த நோய்தான் குழந்தைகளின் குறைக்குக் காரணம் என்ற கிரெக்கின் கூற்று நிரூபணமாகவில்லை என்று ‘லான்செட்’ மருத்துவ இதழ் 1944-இல் எழுதியது. 1951-இல் ஆலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளியியலாளர் காது கேளாதோர் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டபோதுதான் கிரெக்கின் கூற்று உறுதிப்பட்டது. 1969-இல் தடுப்பூசி வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2017-இல் உங்களில் பலருக்குப் போடப்பட்ட ஊசியும் இந்நோயைத் தடுப்பதுதான்.

இதைவிட நீண்ட காத்திருப்பு ஒன்று உண்டு. முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகளின் தாய்மாருக்கு ஃபோலிக் அமிலம் குறைவாக இருக்கக்கூடும் என்று ரிச்சர்ட் ஸ்மித்தெல்ஸும் எலிசபெத் ஹிப்பர்டும் இங்கிலாந்தில் 1965-இல் எழுதினார்கள். அந்தச் சத்து நமக்கு அந்நியமானதன்று. பம்பாயின் ஆலைத் தொழிலாளிப் பெண்களுடைய சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ்தான் அதன் தடத்தை முதலில் கண்டவர். அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

ஏற்கெனவே ஒரு பிள்ளை இப்படிப் பிறந்த தாய்மாருக்கு, மறு கர்ப்பத்துக்கு முன்பே ஸ்மித்தெல்ஸ் ஃபோலிக் அமிலமும் அடங்கிய வைட்டமின் மாத்திரை கொடுத்தார். குறை வெகுவாகக் குறைந்தது. 1980-இல் முடிவை வெளியிட்டபோது பலர் ஒப்பவில்லை. யாருக்கு மாத்திரை, யாருக்கு இல்லை என்பது குலுக்கலில் முடிவாகவில்லை. மனமுவந்து மாத்திரை தின்றவர்கள் இயல்பிலேயே கவனமானவர்களாய் இருக்கலாமே என்றார்கள். நெஞ்சுக்கு உறுதியாய்த் தெரிந்த ஒன்றை ஊர் சந்தேகிக்கும்போது கோபம் வரும். ஆனால் அந்தச் சந்தேகம் நியாயமானது; அதற்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.

விடை நிக்கோலஸ் வால்டு நடத்திய ஆய்வில் வந்தது. 7 நாடுகள், 33 மையங்கள், 1817 பெண்கள். ஒவ்வொருத்தியும் ஒருமுறை இந்தத் துயரத்தைக் கண்டவள். தனக்குக் கிடைப்பது ஃபோலிக் அமிலமா இல்லையா என்று அறியாமலே தினம் மாத்திரையை விழுங்கினாள். ஆய்வாளர்களின் பெயர் நூல்களில் நிற்கிறது. நான் முதலில் வணங்குவது இந்தப் பெண்களைத்தான். 1991-இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தும் அளவுக்கு முடிவு தெளிவாயிற்று. பாதிப்புற்ற 27 கருக்களில் ஃபோலிக் அமிலம் பெற்றோரிடம் 6, பெறாதோரிடம் 21. நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு காப்பு. எழுதியதிலிருந்து உறுதிப்படும்வரை 26 ஆண்டுகள்.

எல்லாக் குறைகளுக்கும் இப்படி விடை கிடைத்துவிடவில்லை. பலவற்றுக்குக் காரணம் இன்னும் அறியப்படவில்லை. அங்கே ‘தெரியவில்லை’ என்று சொல்லும் துணிவு வேண்டும். தெரியாததற்கு ஒருத்தியைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.

தெரிந்ததைச் செய்யுங்கள். மூளையும் தண்டுவடமும் ஆகும் குழாய், கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, வீட்டில் சொல்லும் வேளையில் அது பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருவுற ஒரு மாதத்துக்கு முன்பாவது தொடங்க வேண்டும். அமெரிக்கா 1998 முதல் மாவிலேயே அதைக் கலப்பது, திட்டமிடாத கர்ப்பங்களுக்கும் அது எட்டவேண்டும் என்பதற்காகவே. முன்பு இக்குறையோடு குழந்தை பிறந்திருந்தால் அளவு கூடும், மருத்துவரைக் கேளுங்கள். இதே குறையை உண்டாக்கக்கூடிய வால்புரோயேட் மாத்திரையை வலிப்புக்காகச் சாப்பிடும் பெண்கள் அதைத் தாமே நிறுத்திவிடாமல், குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே மருத்துவரிடம் பேச வேண்டும். ருபெல்லா ஊசி போடாதவர்கள் அதைப் போட்டு ஒரு மாதம் கழித்தே கருவுற வேண்டும். மருத்துவரிடம் போகும் அந்த முதல் நாளில், தம்பிகளே, நீங்களும் உடன் செல்லுங்கள்.