அசிசியிலே ஒரு மன்னிப்புத் திருநாள்

இத்தாலிய நகராகிய அசிசி என்றதும், மலைச்சரிவில் அடுக்கடுக்காய் நிற்கும் கல்வீடுகளே படங்களிற் கண்டோர் நினைவில் எழும். ஆயினும் ஓகஸ்ட் 2ஆந் திகதி அங்கு செல்லும் யாத்திரிகர் முதலில் நாடுவது மலையையன்று, அடிவாரத்துச் சமவெளியையே. உரோமாபுரியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிரயாணஞ் செய்து நாம் இறங்கிய புகைவண்டி நிலையமும் அச்சமவெளியிலேதான் இருக்கிறது. சிறிது தூரம் நடந்ததும் சம்மனசுகளின் மரியாள் பேராலயம் எதிர்ப்பட்டது.

ஏறத்தாழ 126 மீற்றர் நீளமுள்ள அப்பேராலயத்தினுள்ளே, கோபுரக் கூரையின் நேர்கீழே, ஒரு சின்னஞ்சிறு கற்கோவில் நிற்கிறது. நீளம் 23 அடி, அகலம் 13 அடி இருக்கலாம். நம்மூர் வைரவர் கோவில்கள் சில இதனிலும் பெரியவை. இதன் பெயர் போர்சியுங்கோலா. சிறு பங்கு என்பது பொருள். இடிந்து கிடந்த இதனைப் புனித பிரான்சிஸ் தம் கையாற் கல் சுமந்து திருத்தினார். பெனடிக்ரின் துறவியருக்குச் சொந்தமான அதனைத் தமதாக்கிக்கொள்ள விரும்பாமல், ஆண்டுதோறும் ஒரு கூடை மீனை வாடகையாகக் கொடுத்துவந்தார் என்பர். அவர்கள் பதிலுக்கு ஒரு சாடி எண்ணெய் அனுப்புவார்களாம். 1226 ஒக்ரோபர் 3ஆந் திகதி மாலை அவர் உயிர்நீத்ததும் இதன் அருகிலேதான்.

திருநாளின் சிறப்பு இங்கு கிடைக்கும் பரிபூரண பலனாகும். மாணவர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். பலன் என்பது பாவமன்னிப்பன்று. மன்னிப்பைத் தருவது பாவசங்கீர்த்தனம். பக்கத்து வளவு வேலியை முறித்த பையனை வீட்டுக்காரர் மன்னித்துவிடலாம். முறிந்த வேலியை யாராவது அடைத்துத்தானே ஆகவேண்டும்? அவ்வாறே மன்னிக்கப்பட்ட பாவத்துக்கும் ஒரு தண்டனை மீந்து நிற்கும். அதனை இங்கோ உத்தரிக்கிற ஸ்தலத்திலோ தீர்த்தாகவேண்டும் என்பது கத்தோலிக்கர் கொள்கை. அம்மீதி முழுவதையும் நீக்குவதே பரிபூரண பலன். வினைப்பயனை நுகர்ந்தே கழிக்கவேண்டும் என்று கற்ற சைவப் பிள்ளைகளுக்கு இது அந்நியமான பேச்சன்று. ஞானகுருவின் தீட்சையாற் சஞ்சிதம் அழியும் என்று நாமும் படித்திருக்கிறோம். எனினும் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுவது அவசரப் புத்தி. அவர்கள் இதனைக் கிறிஸ்துவும் புனிதரும் ஈட்டிய புண்ணியத்திலிருந்து திருச்சபை எடுத்து வழங்குவதாகக் கொள்கின்றனர்.

அக்காலத்திலே பரிபூரண பலன் எருசலேமை நோக்கிச் சிலுவைப்போர்ப் படையிற் சென்றோர் போன்றோருக்கே கிடைத்தது. உழுதுண்ணும் ஏழை கடல் கடந்து போவதெங்ஙனம்? 1216இல் பிரான்சிஸ் பெரூஜியா நகரிலிருந்த பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியுசிடம் சென்று, இச்சிறு கோவிலுக்கு வந்து பாவசங்கீர்த்தனஞ் செய்யும் எவருக்கும், காணிக்கை எதுவுமின்றி, அப்பலனை வேண்டினார் என்பது வரலாறு. எருசலேம் யாத்திரையின் மதிப்புக் குறையுமென்று கர்தினால்மார் தடுத்தனர். ஆகவே ஆண்டுக்கு ஒருநாள் என்று எல்லை வகுக்கப்பட்டது. எழுத்தில் ஒரு பத்திரம் வேண்டாமா என்று பாப்பரசர் கேட்க, வேண்டாமென்று பிரான்சிஸ் திரும்பிவிட்டாராம். இதற்குச் சாட்சியமாக எழுத்து கிடைப்பது 1277இலேதான். பத்திரம் வேண்டாமென்றவரிடம் பத்திரங் கேட்டு வரலாற்றாசிரியர் இன்னும் வாதாடுகின்றனர்!

காணிக்கையின்றி என்ற அச்சொல்லையே நாம் பெரிதாக மதிக்கிறோம். ஏனெனில் பிற்காலத்தில் பலன்கள் காசுக்கு விலைபோயின. 1517இல் மார்ட்டின் லூதர் அதனைக் கண்டித்தெழ, மேற்குத் திருச்சபையே பிளவுண்டது. காசுடன் தொடர்புற்ற பலன்களைப் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் 1567இல் இரத்துச் செய்தார். அவர் காலத்திலேயே, 1569இல், இச்சிறு கோவிலைச் சுற்றிப் பேராலயம் எழத் தொடங்கியது. 1832ஆம் ஆண்டுப் பூகம்பத்திற் பேராலயத்தின் நடுமண்டபம் வீழ்ந்தது. சிறு கோவில் சேதமின்றி நின்றது.

திருநாளன்று வெயில் கொடிது. இத்தாலியின் பல பகுதிகளிலிருந்து கால்நடையாய் வந்த இளைஞர் பிற்பகலிற் பாடிக்கொண்டு உள்ளே புகுந்தனர். பேராலயத்தில் அத்தனை ஆரவாரம். சிறு கோவிலின் வாசலை நெருங்கியதும் அனைவரும் வாய் மூடினர். நித்திய வாழ்வின் வாசல் இதுவே என்று பொருள்படும் இலத்தீன் வாசகம் மேலே தீட்டப்பட்டிருக்கிறது. கிழவி ஒருத்தி வாசற் கல்லைத் தடவி, அந்தக் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டதைக் கண்டபோது நல்லூர் வீதி நம் கண்ணில் நின்றது. ஞானஸ்நானம் பெறாத நமக்கு இப்பலன் உரியதன்று. ஆயினும் வரிசையில் நின்ற நம்மை எவரும் மதம் கேட்கவில்லை. 1986 ஒக்ரோபர் 27ஆந் திகதி, சமாதானத்துக்காகப் பிரார்த்திக்க வந்த இந்து, பௌத்த, இஸ்லாமியப் பெரியாரைப் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் வரவேற்றதும் இப்பேராலயத்திலேதான்.

போர்சியுங்கோலாவில் இப்பலன் இப்பொழுது ஆண்டின் எந்நாளிலும் உண்டு. ஓகஸ்ட் 2ஆந் திகதியிலோ அசிசிக்குப் போகவும் வேண்டியதில்லை. உலகெங்குமுள்ள கோவிற்பற்றுக் கோவில்களில், யாழ்ப்பாணத்துக் கோவில்களிலுங்கூட, பாவசங்கீர்த்தனஞ் செய்து நற்கருணை உட்கொண்டு, விசுவாசப் பிரமாணமும் கர்த்தர் கற்பித்த செபமுஞ் சொல்லி, பாப்பரசரின் கருத்துக்காகவும் வேண்டிக்கொள்வோருக்கு அன்று அது கிடைக்கும். பஸ் கட்டணமே செலவு.