வாட்டர் பாடி

ராயப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. ஷெட்டுக்குள் பழைய வெள்ளை அம்பாசடர் பானெட் திறந்து நிற்கிறது. 2014-இல் இந்த வண்டியின் தயாரிப்பே நின்றுபோன சேதி இங்கே இன்னும் வந்து சேரவில்லை போலும். வாசலில் இன்னொரு அம்பாசடர் முறைக்குக் காத்திருக்கிறது.

"தண்ணி குறைஞ்சுகிட்டே இருக்கு மேஸ்திரி. கீழ பாத்தா ஒரு சொட்டு இல்ல. ஏதோ பவுடர் போட்டா அடைச்சுக்குமாமே?" என்கிறார் வண்டிக்காரர்.

மேஸ்திரி பதில் சொல்வதில்லை. ரேடியேட்டர் மூடிக்குப் போன பையனின் கையைத் தட்டிவிடுகிறார். அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மூடி கழன்றால் முகத்தில் பாயும். டீ வருகிறது. வண்டி ஆறும்வரை எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். வண்டிக்காரருக்கு அதுதான் முடியவில்லை.

ஆறியதும் கைப்பம்பை ரேடியேட்டர் கழுத்தில் பூட்டி, மூடியில் பொறித்த அளவுவரை காற்றடிக்கிறார். முள் கொஞ்சம் நின்று, மெல்ல இறங்குகிறது. டார்ச் புறப்படுகிறது. அவர் கண் தேடுவது காய்ந்த தடத்தை. கசிவு சிறிதென்றால் சூட்டில் தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும். பொருக்கு மட்டும் மிஞ்சும். ஹோஸ் கிளிப்புகள் இறுக்கமாக இருக்கின்றன. டிப் ஸ்டிக்கை உருவுகிறார். ஆயில் வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், செலவு எங்கேயோ போய்விடும். கறுப்பாகவே இருக்கிறது.

ஃபேனுக்குப் பின்னால் வெளிச்சம் நிற்கிறது. வாட்டர் பாடியின், அதாவது வாட்டர் பம்பின், அடிவயிற்றில் பச்சைப் பொருக்கு. நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. நகத்தால் சுரண்டுகிறார். எம்சீல்.

"இத யாரு சார் அடைச்சது?"

"போன மாசம்... வேற ஒரு இடத்துல."

எம்சீல் அடைத்திருக்கும் அந்தத் துளையை விட்டிருப்பதே ஒழுகுவதற்குத்தான். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்கைத் தொடாமல் வெளியே போக வேண்டும். அடைத்துவிட்டால் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். மேஸ்திரி இதையெல்லாம் விளக்கவில்லை. ஃபேன் இறக்கையைப் பிடித்து ஆட்டுகிறார். கடகடக்கிறது. "நீங்களே புடிச்சுப் பாருங்க." வண்டிக்காரர் பிடித்துப் பார்க்கிறார். பவுடர் பேச்சு அதோடு போயிற்று.

பெல்ட், ஃபேன், ரேடியேட்டர் எல்லாம் மளமளவென்று கழல்கின்றன. பேசினில் வடித்த கூலண்டை முகர வந்த நாயைப் பையன் விரட்டுகிறான். நாக்குக்கு இனிக்கும் விஷம் அது. புது வாட்டர் பாடி பக்கத்துக் கடையிலிருந்தே வந்துவிடுகிறது. இஞ்சின் முகத்தில் ஒட்டிய பழைய கேஸ்கட்டைச் சுரண்டும் வேலையை மட்டும் மேஸ்திரி யாரிடமும் தருவதில்லை. பிளேடைப் படுக்கவைத்து இழுக்கிறார், துடைக்கிறார், கண்ணை மூடி விரலை ஓட்டிப் பார்க்கிறார், மறுபடி இழுக்கிறார். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குகிறார்.

கூலண்ட் பாதி, பேட்டரித் தண்ணீர் பாதி. மூடி போடாமல் இஞ்சின் ஓடுகிறது. குமிழிகள் வந்து வெடிக்கின்றன. மேல் ஹோஸ் சுடத் தொடங்கியதும் மட்டம் சட்டென்று இறங்குகிறது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடுகிறார்.

"நாளைக்குக் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துடுங்க. போர் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க."

கூலியில் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார் வண்டிக்காரர். மேஸ்திரி பழைய வாட்டர் பாடியைப் பேப்பரில் சுற்றி அவர் கையில் வைக்கிறார்.

"அடைச்சவர்கிட்ட கேளுங்க சார்."