திரையில் கண்ட நம் கரை

1961-ஆம் ஆண்டை நம் கடற்கரை மக்கள் இரு காரணங்களுக்காக நினைவிற்கொள்ளலாம். அரசின் மேற்பார்வையில் தூத்துக்குடியில் நடைபெற்றுவந்த முத்துக்குளிப்பு அவ்வாண்டோடு நின்றுபோயிற்று. அதே ஆண்டில்தான் பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கப்பலோட்டிய தமிழன்’ வெளிவந்து, தூத்துக்குடி என்னும் பெயரைத் தமிழகத் திரையரங்குகளில் ஒலிக்கச் செய்தது. சிவாஜி கணேசன் வ.உ.சி.யாகவே வாழ்ந்து காட்டினார். நம் ஊர்த் துறைமுகம் ஒரு காவியத்தின் களமாயிற்று.

ஆயினும் கதாநாயகனின் உருவம் திரையை நிறைக்கும்போது, கரை பின்னால் ஒதுங்கிவிடுவது இயல்பு. 1906-இல் எழுந்த அந்தச் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பாண்டித்துரைத் தேவர் தலைவராயிருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் பெரும் பங்குகளை வாங்கித் தாங்கினார். கப்பல் ஓடியது ஒருவர் தோளில் மட்டுமன்று. இக்கரையில் எதுவுமே ஒருவர் தோளில் நடந்ததில்லை.

இதனை ஐயுறுவோர் ஒருமுறை தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு செல்லும் பேருந்தில் சன்னலோரமாய் அமர்ந்து பார்க்கட்டும். நகரைத் தாண்டியதும் உப்பளங்கள். கண் கூசும் வெண்குவியல்கள். அடுத்துப் பழையகாயல்; மார்க்கோ போலோ எழுதிவைத்த ‘காயல்’ இதுவே என்பர். தாமிரபரணியைக் கடந்தால் வாழைத் தோட்டங்களும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களும். காயல்பட்டினத்தில் பள்ளிவாசல்களின் பாங்கொலி. வீரபாண்டியன்பட்டினத்து ஆலயக் கோபுரம் கண்ணுக்கு மறையுமுன் செந்தூர் முருகன் கோயிற் கோபுரம் தென்பட்டுவிடும். ஆலந்தலையில் மீண்டும் நம் மக்கள். பெர்னாண்டோ, மச்சாடோ என்று போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற பெயர்கள். குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன், தசரா நாட்களில் காளி வேடமிட்ட பக்தர் ஒருவர் நம் பக்கத்து இருக்கையிலேயே அமர்ந்திருப்பார். முடிவில் மணல்மேட்டின்மேல் மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம். சற்று உள்நாட்டுப் பக்கம் திரும்பினாலோ செம்மணல் தேரிகள், பனங்காடுகள், நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம் எனச் சீர்திருத்த சபையினரின் ஊர்கள். இவ்வளவும் ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்குள்! ஒரு சிறு நாடு என்றே சொல்லத் தோன்றுகிறது.

இந்த நாட்டைத் திரைப்படம் எவ்வாறு காட்டிற்று? சென்னையில் பொறியியல் பயிலும் நம் பங்கு இளைஞன் ஒருவன் விடுமுறையில் வந்து என்னிடம் வருந்தினான். “தூத்துக்குடின்னு சொன்னாலே, பையில அருவா வச்சிருக்கியான்னு கேக்காங்க சாமி.” அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. ‘சிங்கம் 2’ (2013) போன்ற படங்களில் அவர்கள் கண்ட தூத்துக்குடி கடத்தலும் துரத்தலும் நிறைந்த துறைமுகம். வேறு தூத்துக்குடியை அவர்களுக்குக் காட்டியவர் யார்?

கிறிஸ்தவர்க்கும் நெடுங்காலம் இதே கதிதான். பழைய படங்களில் மைக்கேல் என்றால் அடியாள்; ரீட்டா என்றால் விடுதியில் ஆடுபவள். 1971-இல் வந்த ‘அன்னை வேளாங்கண்ணி’ ஒரு பெரும் ஆறுதல். எனினும் அதில் நம் பக்தியைக் கண்டோமேயன்றி, நம் கரையைக் காணவில்லை.

2012-இல் சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’யும், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மணிரத்னத்தின் ‘கடல்’ படமும் வந்தன. அருளப்பசாமி, எஸ்தர், தோமஸ், பெர்க்மான்ஸ் என்னும் பெயர்கள் முதன்மைப் பாத்திரங்களுக்கு அமைந்தன. ‘கடல்’ படத்தின் சில காட்சிகள் மணப்பாட்டிலேயே எடுக்கப்பட்டவை. பங்கு மன்றத்தில் ஒரு ஞாயிறு மாலை அதனைத் திரையிட்டோம். ‘பெர்க்மான்ஸ்’ என்று முதன்முறை ஒலித்ததும் மன்றத்தில் ஒரே சிரிப்பு. பார்வையாளருள்ளேயே மூன்று பெர்க்மான்ஸ்கள் இருந்தனர். அப்பாத்திரம் கொடியவன் என்று தெரிந்தபின் மூவரும் அடங்கிவிட்டனர். பாழடைந்த கோயிலுக்கு வந்து சேரும் குருவை அரவிந்த்சாமி உருக்கமாகவே நடித்திருந்தார். ஆனால் முதிய அன்னை ஒருவர் பாதியிலேயே என் பக்கம் திரும்பி, “அந்தச் சாமிக்கு ஒரு வாய் சோறு பொங்கிப் போட ஊர்ல ஆளில்லையா? உபதேசியார் எங்க போனாரு?” என்று கேட்டார்.

எந்தத் திறனாய்வாளரும் எழுதாத குறை அது! ஊர்க் கமிட்டியும் உபதேசியாரும் மாதாசபைப் பெண்களும் சூழாத குருவானவரை நம் கரையில் நான் கண்டதில்லை. தனிமை வேண்டுமென்றாலும் கிட்டாது. அந்தப் படத்தின் கிராமம் அக்கம்பக்கம் வேறு ஊரே இல்லாததுபோல் கடலோரத்தில் தனித்து நின்றது. இவ்வகையில் ‘நீர்ப்பறவை’ எனக்கு மிகவும் உவப்பாயிற்று. அதில் சமுத்திரக்கனி ஏற்ற உதுமான் கனி என்னும் பாத்திரம் படகு கட்டும் முசுலிம். கத்தோலிக்க மீனவன் கடலுக்குப் போகும் படகை இசுலாமியர் கட்டித் தருகிறார். அதைப் பற்றி எவரும் அப்படத்தில் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. நம் கரையில் வாழ்க்கை அவ்வாறே.

தன்னைத் திரையில் காண்பதைவிட, அண்டை வீட்டானைக் காண்பது இன்னும் பெரிது என்று நினைக்கிறேன். கி. ராஜநாராயணனின் ‘கிடை’யைக் கொண்டு அம்ஷன் குமார் எடுத்த ‘ஒருத்தி’ (2003) கரிசல் காட்டு ஆட்டுக்கிடையை நமக்குக் காட்டிற்று. கோவில்பட்டி நம் மாவட்டந்தான். நம்மில் எத்தனைபேர் அக்காட்டில் நடந்திருப்போம்? 2024-இல் மாரி செல்வராஜின் ‘வாழை’ வந்தது. திருவைகுண்டம் பக்கத்துச் சிறுவன் கழுத்து நோக வாழைத்தார் சுமக்கிறான். சுமை ஏற்றிய லாரி கவிழ்ந்து தொழிலாளர் மடிகின்றனர். நம் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் வாழை அந்தப் பக்கத்திலிருந்து வருவதே. அதனைச் சுமந்த கழுத்தைப் படம் பார்த்த பின்னரே நம் மக்கள் பலர் நினைத்துப் பார்த்தனர்.

இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தி 1948-இல் சிசிலித் தீவின் அச்சி திரெட்சா என்னும் மீனவ ஊரில் ‘லா தெர்ரா திரேமா’ என்ற படத்தை எடுத்தார். அவ்வூர் மீனவரே நடித்தனர். தம் வட்டாரப் பேச்சையே பேசினர். அது மற்ற இத்தாலியருக்கு விளங்காமையால் விளக்கவுரை சேர்க்க நேர்ந்தது. நம் கரையின் பேச்சுக்கும் அத்தகைய மரியாதை கிடைக்கும் நாள் வருமா?

முத்துக்குளிப்பை அவ்வாறு காட்டிய கதைப்படம் எதையும் நான் கண்டதில்லை. காலில் கல் கட்டிய கயிற்றோடு முத்துப்பாருக்கு இறங்கியவர்களுள் நம் பங்கில் எஞ்சியிருப்பவர் ஒருவரே; வயது 86. சென்னையிலிருந்து வந்த அந்த இளைஞன் சென்ற மாதம் தன் கைப்பேசியில் அவரைப் படமெடுக்கத் தொடங்கினான். பெரியவர் கையமர்த்தினார். “என்னைய மட்டும் எடுக்காதல. மேல கயிறு பிடிச்ச மச்சானைச் சொல்லாம என் கதை எப்பிடி வரும்?” பிறகு தம் தோணியில் இருந்தவர்களை ஒவ்வொருவராய் எண்ணத் தொடங்கினார்: மைத்துனர், சித்தப்பா மக்கள், கீழக்கரையிலிருந்து வந்து உடன் குளித்த இரு முசுலிம் சகோதரர்கள், அவர்களுடைய தகப்பனார் பெயர், அவர்கள் கொண்டுவந்த தின்பண்டம். பொழுது சாய்ந்து வெளிச்சம் போய்விட்டது. அவர் தண்ணீரில் இறங்கும் பகுதியை அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எடுப்பதாக ஒத்திவைத்தனர்.