நூற்பாலையில் உறங்கிய தேர்கள்

பிரான்சு நாட்டின் கிழக்கு எல்லையில், ரைன் நதிக்கும் வோஜ் மலைத்தொடருக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலப்பகுதி அல்சாஸ். திராட்சைத் தோட்டங்களும், மரச்சட்டமிட்ட வீடுகளும், ஊருக்கொரு கோபுரமுமாகக் கண்ணுக்கு இனிய நாடு. அங்கே பங்குப்பணி ஆற்றிவரும் நம் பழைய குருமடத் தோழர் ஒருவரின் அழைப்பை ஏற்று, ஒரு செப்டம்பர் மாதத்தில் சில நாள்கள் தங்கியிருந்தோம். பேராலயங்களைக் காட்டுவார் என்று எண்ணியிருந்த நமக்கு அவர் முதலில் காட்டியவையோ மோட்டார் கார்கள்! குடும்ப இதழில் காருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கலாம். இது காரில் தொடங்கினாலும் காரோடு முடியாத கதை. சற்றுப் பொறுமையுடன் உடன் வருமாறு வேண்டுகிறோம்.

ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் மொல்சைம் என்ற சிற்றூர் இருக்கிறது. இரயிலைவிட்டு இறங்கி ஊருக்குள் நடக்கையிலேயே இடிமுழக்கம் போன்றதோர் ஓசை கேட்டது. திரும்பினால், வானநீல நிறத்தில், தாழ்ந்து நீண்ட பழங்காலக் கார்கள் வரிசையாய் வந்துகொண்டிருந்தன. தோல் தொப்பியும் கண்ணாடியும் அணிந்த முதியவர்கள் அவற்றை ஓட்டி வந்தனர். ஆண்டுதோறும் செப்டம்பரில் புகாட்டி கார்களின் அன்பர்கள் இவ்வூரில் கூடுகின்றனர். பிறந்த வீட்டுக்குப் பெண் வருவதுபோல், அக்கார்கள் தாம் பிறந்த ஊருக்கு வருகின்றன.

எட்டோரே புகாட்டி 1881இல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். தந்தை கார்லோ, புகழ்பெற்ற மரச்சாமான் கலைஞர். தம்பி ரெம்பிராண்ட், விலங்குகளை வடிப்பதில் வல்ல சிற்பி. கலைக் குடும்பத்தில் பிறந்த எட்டோரே 1909இல் மொல்சைமில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சாயப்பட்டறையை வாடகைக்குப் பிடித்துக் கார் செய்யத் தொடங்கினார். அன்று அல்சாஸ் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. முதல் உலகப்போருக்குப்பின் 1918இல் பிரான்சிடம் திரும்பியது. அதனால்தான் இத்தாலியர் ஒருவர் ஜெர்மன் மண்ணில் தொடங்கிய கார், பிரான்சின் நீல நிறம் தாங்கிப் பந்தயங்களில் ஓடியது.

அவற்றுள் பேர்பெற்றது '35' என்ற வகை. 2 லிட்டர் கொள்ளளவும் 8 சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின். அகன்ற எட்டு ஆரங்களுடன் அலுமினியத்தில் வார்த்த சக்கரங்கள். சக்கரத்தோடு பிரேக் உருளையும் ஒன்றாய் வார்க்கப்பட்டிருப்பதால், சக்கரத்தைக் கழற்றிய உடனே பிரேக்கையும் சோதித்துவிடலாம். இத்துணை நேர்த்தியான கார், 1924இல் லியோன் நகரில் நடந்த முதற்பந்தயத்தில் டயர்கள் பழுதானதால் தோற்றது. மனந்தளராமல் அடுத்த ஆண்டே சிசிலித் தீவின் கடினமான மலைப்பாதைப் பந்தயமான தார்கா ஃப்ளோரியோவில் புகாட்டி வென்றது. 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அவ்வெற்றி அதற்கே உரியதாயிற்று.

இவ்வூரில் கர்த்தூசியத் துறவியர் முற்காலத்தில் வாழ்ந்த மடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் புகாட்டி நினைவுப் பொருள்களை வைத்திருக்கின்றனர். மௌன விரதம் காத்த துறவியரின் இல்லத்தில், உலகின் மிகுந்த ஓசையுடைய கார்களின் நினைவுகள்! தோழர் இதைச் சொல்லிச் சிரித்தார்.

மரநிழலில் நின்ற ஒரு காரின் அடியிலிருந்து முதியவர் ஒருவர் எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார். தோழர் மொழிபெயர்க்க, அவரோடு உரையாடினோம். பழைய காரைப் புதுப்பிப்பது எளிய வேலையன்று. வெளியே தெரியும் தகட்டுக்கு உள்ளே பெரும்பாலும் மரச்சட்டம் இருக்கும். மரம் உளுத்திருந்தால் தச்சர் வேண்டும். தகடு நெளிந்திருந்தால் கையால் தட்டி உருவாக்கும் டிங்கர் வேலைக்காரர் வேண்டும். கிடைக்காத உதிரிப் பாகத்துக்குப் புதிதாய் அச்செடுத்து வார்க்க வேண்டும். இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு: எதுவரை மாற்றலாம்? ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், எஞ்சியிருப்பது பழைய கார்தானா? இதைப் பற்றி அன்பர்களிடையே முடிவில்லா வழக்கு நடக்கிறதாம்.

அவ்வழக்கின் நடுவே அம்முதியவர் சொன்ன செய்தி நம் மனத்தைத் தொட்டது. சுவிட்சர்லாந்தில் மஜோரே ஏரிக்கரையில் அஸ்கோனா என்னும் ஊர். சுங்கவரி கட்டப்படாத புகாட்டி ஒன்று 1930களில் அங்கே ஏரிக்குள் இறக்கப்பட்டதாம். கட்டியிருந்த சங்கிலி துருப்பிடித்து அறுபட, 1925இல் செய்யப்பட்ட அக்கார் ஆழத்தில் போய்ச் சேர்ந்தது. முக்குளிப்போர் 2009இல் அதை வெளியே எடுத்தனர். வன்முறைக்குப் பலியான அப்பகுதி இளைஞர் ஒருவர் நினைவாக, இளைஞரிடையே வன்முறையைத் தடுக்கும் அறக்கட்டளை ஒன்று ஏற்பட்டிருந்தது. அதற்கு நிதி திரட்டவே அக்காரைக் கரையேற்றினர். 2010இல் பாரிசில் நடந்த ஏலத்தில் அத்துருப்பிடித்த கூடு 2,60,000 யூரோவுக்கு மேல் விலை போயிற்று! 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பது மெய்தான். வாங்கியவர் அதைப் புதுப்பிக்கவில்லை. நீர் தின்ற நிலையிலேயே காட்சிக்கு வைத்தார்.

மொல்சைமை விட்டுப் புறப்படுமுன் ஒரு சாலையோர நினைவுச் சின்னத்தின் முன் நின்றோம். எட்டோரேயின் மூத்த மகன் ழான், தந்தையை விஞ்சும் வடிவமைப்பாளர். 1939 ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் புகாட்டி வென்றது. வென்ற அதே காரை ஆகஸ்டு 11ஆம் நாள் அவர் சோதித்து ஓட்டுகையில், சைக்கிளில் ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். அவர்மேல் மோதாமல் காரைத் திருப்பிய ழான் மரத்தில் மோதி மாண்டார். வயது 30. தந்தை 1947இல் மறைந்து, பக்கத்து ஊரான டோர்லிசைமில் அடக்கமானார். தொழிற்சாலை அந்த இழப்பிலிருந்து மீளவே இல்லை.

ஆனால் கார்கள் வாழ்ந்தன. அவை எங்கே சென்றன என்று காணத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முலூஸ் நகருக்கு இரயிலேறினோம்.

முலூஸ் நெசவாலைகளால் வளர்ந்த நகரம். அங்கே பழைய கம்பளி நூற்பாலைக் கட்டடத்தில் இன்று தேசிய மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் திகைத்தோம். பாரிசிலுள்ள மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்து விளக்குகளைப் போல வார்த்த நூற்றுக்கணக்கான விளக்குக் கம்பங்கள். அவற்றின் ஒளியில் நானூறுக்கு மேற்பட்ட கார்கள். அவற்றுள் நூற்றுக்கும் மேல் புகாட்டிகள்.

எல்லாவற்றுக்கும் அரசனாக நிற்பது 'ரோயல்' என்ற கார். ஏறத்தாழ 13 லிட்டர் எஞ்சின். மன்னர்களுக்கென்றே எட்டோரே திட்டமிட்டது. ரேடியேட்டர் மூடியின் மேல், 1916இல் இறந்துபோன தம்பி வடித்த யானை நிமிர்ந்து நிற்கிறது. ஆறே கார்கள் செய்யப்பட்டன. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் மூன்றே விற்றன. ஆறில் இரண்டு இங்கே இருக்கின்றன. வீணாகவிருந்த அந்த எஞ்சின்களை எட்டோரே இரயில் வண்டிகளில் பொருத்தினார். அப்படியொரு வண்டியை இதே நகரின் இரயில் அருங்காட்சியகத்தில் காணலாம். மன்னர் ஏறாத எஞ்சின் மக்களைச் சுமந்தது.

இத்தனையையும் சேர்த்தவர்கள் ஹான்ஸ், ஃபிரிட்ஸ் என்ற ஷ்லும்ப் சகோதரர்கள். இப்பகுதியில் பல நூற்பாலைகளுக்கு உரிமையாளர்கள். ஃபிரிட்சுக்கு இளமை முதலே புகாட்டி மீது தீராத பற்று. 1960களில் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக் குவித்தார். 1964இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தவர் ஒருவரிடமிருந்து 30 புகாட்டிகளை ஒரே தவணையில் வாங்கினார். கைதேர்ந்த வினைஞர்கள் பூட்டிய கதவுகளுக்குள் அவற்றைப் புதுப்பித்தனர். வெளியே யாரிடமும் சொல்லலாகாது என்பது கட்டளை. தம் தாயாரின் நினைவுக்கு இதை ஒரு காணிக்கையாக்கவும் சகோதரர்கள் விரும்பினர்.

இதற்கிடையே நெசவுத்தொழில் நலிந்தது. 1976இல் ஆலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர் வேலையிழந்தனர். சகோதரர்கள் எல்லை கடந்து சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குச் சென்றுவிட்டனர். 1977 மார்ச் 7ஆம் நாள் தொழிலாளர்கள் முலூஸ் கட்டடத்துக்குள் புகுந்தனர். ஊதியம் தர வழியில்லை என்று கேட்டவர்களின் கண்முன்னே விளக்கொளியில் வரிசையாய் நின்றன அந்தக் கார்கள்!

அவர்கள் நெஞ்சு எப்படிக் கொதித்திருக்கும்! சினத்தில் சிறிய ஆஸ்டின் கார் ஒன்று தீக்கு இரையானது என்பர். ஆனால் அதோடு நின்றது அத்தீ. தொழிலாளர்கள் சுமார் இரண்டாண்டுகள் கட்டடத்தைத் தம் பொறுப்பில் வைத்திருந்து, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். 1978இல் அரசு இத்தொகுப்பைத் தேசிய வரலாற்றுச் செல்வமாக அறிவித்து, வெளிநாட்டுக்குச் சிதறாமல் காத்தது. நகரமும் வட்டாரமும் பிற அமைப்புகளும் கூடிய சங்கம் ஒன்று 1981இல் அதை விலைக்கு வாங்கிற்று. 1982இல் அருங்காட்சியகம் முறைப்படி திறக்கப்பட்டது.

நாம் நின்ற இடத்துக்கு அருகே நரைத்த தலையர் ஒருவர் கார்களைப் பாராமல் கூரையையும் இரும்புத் தூண்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். தோழருக்குத் தெரிந்தவர்தாம். அவருடைய தாய் மலைப்பள்ளத்தாக்கிலுள்ள ஏதோ ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவராம்.

“அம்மா கடைசிவரை இங்கே வரவில்லை, ஃபாதர். ‘நான் நூற்ற நூலை நான் பார்த்தாயிற்று’ என்று சொல்லிவிடுவார்” என்றார்.

“நீங்கள் வருகிறீர்களே?”

“கதவை உடைத்தவர்களே காவலும் காத்தார்கள். அதை நினைத்துக்கொள்ளத்தான் வருகிறேன்.”

பற்றுதலைப் பழிக்க நமக்கு மனமில்லை. ஃபிரிட்சின் பற்று இல்லையேல் இக்கார்களுள் பல இன்று பழைய இரும்பாய்ப் போயிருக்கும். கடும் உழைப்பில் அவற்றுக்கு உயிரூட்டிய பெயர் தெரியா வினைஞரின் கைகளையும் மறக்க முடியாது. ஆயினும் அழகிய பொருள்மீது கொண்ட அன்பு, அதற்கு விலை கொடுத்தவர்களின் முகத்தை மறந்துவிடும்போது, அது பூட்டிய அறையாகிவிடுகிறது. நம் வீடுகளிலும் சிறிதும் பெரிதுமாக அத்தகைய அறைகள் இல்லாமலில்லை. வேலையாளின் கூலியை நாளைக்கு என்று தள்ளிவிட்டு நாம் வாங்கி மகிழும் பொருள் ஒவ்வொன்றும் அப்படிப்பட்டதே.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். முலூசில் தேர் வெளியே வந்ததும் ஊர் கூடியபிறகே. மாலையில் நாம் வெளியேறியபோது, பள்ளிப் பிள்ளைகள் கூட்டமொன்று ஆரவாரத்தோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. நரைத்த தலையர் ஒதுங்கி நின்று, அவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.